வேனை விட்டு 12 மீட்டர் பஸ் கேரவனுக்கு மாறும்போது

டெம்போ டிராவலர் மாதிரி வேனில் கேரவன் கட்டிக் கொஞ்ச காலம் சுற்றியவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை பஸ்தான். நின்று குளிக்க ஒரு பாத்ரூம், மடக்காமலே கிடக்கிற கட்டில், ராத்திரி முழுக்க ஏ.சி. இந்த மூன்றும் சேர்ந்து வேனில் அடங்காது. கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பஸ் பாடிக்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், போர்வெல் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று வெல்டர், டிங்கர், எலக்ட்ரீஷியன், லேத் எல்லாமே பக்கத்திலேயே கிடைக்கிறார்கள். ஆனால் பயணிகள் பஸ் கட்டிப் பழகிய கைக்குக் கேரவன் வேறு கணக்கு. பயணி ஏறுவார், இறங்குவார். கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் இறங்கவே இறங்காது. எடை எங்கே உட்கார்கிறதோ அதை வைத்துத்தான் வண்டி ரோட்டில் எப்படிப் போகும் என்பது முடிவாகும். சோபா துணியும் லைட்டும் டி.வி.யும் அதற்கு அப்புறம்.

முதலில் காகிதம். இதில் சறுக்கினால் கட்டிய வண்டி ஷெட்டிலேயே நின்றுவிடும். மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனி விதிமுறை இருக்கிறது. புதுச் சேஸ் (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) எடுத்து, இந்த விதிப்படி ஒப்புதல் பெற்ற பாடி பில்டரிடம் கட்டி, கேரவனாகவே பதிவு செய்வதுதான் நேர்வழி. ஓடி முடித்த ஆம்னி பஸ்ஸை வாங்கி மாற்றுவது மலிவாகத் தெரியும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியை ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது. அதனால் பழைய பஸ்ஸில் ஒரு சீட்டைக் கழற்றும் முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லும் புரோக்கர் பேச்சை வைத்துப் பணத்தை இறக்க வேண்டாம். லைசென்ஸிலும் மாற்றம் வருகிறது. மொத்த எடை 7,500 கிலோ வரைதான் இலகுரக வண்டிக் கணக்கு; வேன் அதற்குள் வரும். 12 மீட்டர் பஸ் வராது, ஹெவி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் பொருந்தாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகும்.

அடுத்த கேள்வி, எஞ்சின் முன்னாலா பின்னாலா என்பது. பின் எஞ்சின் வண்டியில் முன்பக்கம் சத்தமே இருக்காது, டிரைவர் காலுக்குச் சூடு வராது, படுக்கை அறையை முன்னால் கொண்டுவர முடியும். ஆனால் படுக்கையைப் பின்னாலேயே வைத்தால் கட்டிலுக்கு அடியில் எஞ்சின் வரும். அந்த அமைப்பை யாரும் விரும்பி எடுக்கக் கூடாது, அதற்குத் தீ ஒரு பெரிய காரணம். உதிரிபாகமும் எல்லா ஊரிலும் கிடைக்காது. முன் எஞ்சின் லேலண்ட் அல்லது டாடா சேஸ் என்றால் காங்கேயத்தில் நின்றாலும் சத்தியமங்கலத்தில் நின்றாலும் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். வேனிலிருந்து முதல் தடவையாக மாறுகிறவருக்கு, ஏர் சஸ்பென்ஷன் உள்ள முன் எஞ்சின் சேஸ்தான் சரி என்பது எங்கள் கருத்து. சத்தத்தை எஞ்சின் மூடியில் தடிமனான ரப்பர்ப் பாய், அதன்மேல் வெப்பம் தாங்கும் மேட் என்று இரண்டு அடுக்காகப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் பட்டை வண்டியை மட்டும் கேரவனுக்கு எடுக்காதீர்கள். ஆட்கள் நிறைந்த எடைக்குப் போட்ட பட்டை, பாதி எடையில் குதிக்கும். அந்தக் குதிப்பில் முதலில் போவது பைப் ஜாயிண்ட், அடுத்தது அலமாரிக் கீல்.

இனி எடை. பின் சக்கரத்துக்கு அப்புறம் நீளும் பகுதி, இரண்டு ஆக்சிலுக்கும் (சக்கர அச்சுக்கும்) நடுவே உள்ள தூரத்தில், அதாவது வீல்பேஸில், 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 222 அங்குல வீல்பேஸ் என்றால் 5.64 மீட்டர், பின்னால் அதிகபட்சம் 3.38 மீட்டர் நீளலாம். அந்த 3.38 மீட்டரில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். டிக்கி அங்கே காலியாக இருக்கிறது என்று பேட்டரி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றுவார்கள். 500 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு 2.5 மீட்டர் பின்னால் வைத்தால், பின் ஆக்சிலில் ஏறுவது 500 அல்ல, சுமார் 720 கிலோ. மிச்சம் 220 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்சிலைத் தூக்கிவிட்டு வந்தது. முன்பக்கம் லேசானால் ஸ்டியரிங் லேசாகும். டிரைவர் அதைச் சுகம் என்று நினைப்பார். காற்று அடிக்கும் நாளில்தான் வண்டி நேர்கோட்டில் நிற்கவில்லை என்பது தெரியும். தண்ணீரும் பேட்டரியும் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், தரைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். பின்னால் துணிமணி, மடக்கு நாற்காலி, போர்வை மாதிரி லேசான சாமான் போதும்.

கட்டி முடித்ததும் எடை மேடைக்குப் போங்கள். சங்ககிரி, நாமக்கல், பெருந்துறை பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. ரோட்டு மட்டத்திலேயே தட்டு இருக்கும் மேடையாகப் பாருங்கள், உயரமான மேடையில் ஒருபக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்ற முடியாது. டீசலும் தண்ணீரும் முழுக்க நிரப்பி, சாமான் எல்லாம் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து நான்கு எடை எடுக்க வேண்டும். முழு வண்டி ஒன்று. முன் சக்கரம் மட்டும் தட்டில் நிற்க ஒன்று. பின் சக்கரம் மட்டும் ஒன்று. கடைசியாக இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் தட்டில், வலப்பக்கம் வெளியே. மேடைக்காரர் "ஏனுங்ணா, பாதி வண்டிய ஏத்தி என்னங்க பண்றது?" என்று கேட்கத்தான் செய்வார். "ஆக்சில் எடை தனியா வேணுமுங்க, ஒவ்வொண்ணுக்கும் காசு குடுத்தர்றனுங்க" என்று சொல்லி நான்கு சீட்டையும் வாங்கி வையுங்கள். முன் ஆக்சிலில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். சேஸ் தகட்டில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் போட்டிருக்கும் எண்ணை எதுவும் தாண்டக் கூடாது. இடப்பக்க எடை பாதியிலிருந்து நூறுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் விலகினால், சமையலறையும் தொட்டியும் ஒரே பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். ஏர் பலூன் (ஏர் சஸ்பென்ஷன்) வண்டியில் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. லெவல் வால்வு காற்றை ஏற்றி வண்டியை நேராக நிறுத்திவிடும், எடை மட்டும் ஒரு பக்கமே இருக்கும். பிறகு தண்ணீரைக் காலி செய்துவிட்டு முன் ஆக்சிலை இன்னொரு தடவை போடுங்கள். தண்ணீர் காலியானபின் முன் ஆக்சில் எடை கூடினால் தொட்டி பின் ஆக்சிலுக்குப் பின்னால் போய்விட்டது, அந்த இடம் சரியில்லை.

டயர்க் காற்றையும் இந்தச் சீட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டயர் கம்பெனியின் எடை-காற்று அட்டவணையில் உங்கள் ஆக்சில் எடைக்கு நேரே இருக்கிற எண்தான் சரி. பஸ்ஸில் வழக்கமாக அடிக்கிற அளவை அப்படியே அடித்தால், எடை குறைந்த முன் ஆக்சில் கல்லுக்கெல்லாம் துள்ளும்.

உள் வேலையில் எடை எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 18 மில்லி கிரானைட் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 49 கிலோ. இரண்டு மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சமையல் மேடை போட்டால் 58 கிலோ, அதுவும் இடுப்பு உயரத்தில், ஒரே பக்கத்தில். 18 மில்லி பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று முப்பது கிலோவுக்கு மேல். வீட்டு வேலை ஆசாரி வழக்கப்படி கட்டினால் இருபது இருபத்தைந்து ஷீட் போய்விடும். அலமாரிக்கு அலுமினியச் சட்டம், கதவுக்கு 9 அல்லது 12 மில்லி பிளை என்றால் பாதி எடை மிச்சம். எந்த மரச்சாமானும் பிளைவுட் தரையில் ஸ்க்ரூ அடித்து மட்டும் நிற்கக் கூடாது. அடியில் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு, நைலான் பூட்டு நட் வைத்து முறுக்க வேண்டும். பிரேக் அடித்தால் 80 கிலோ ஃபிரிட்ஜ் முன்னால் இருக்கும் ஆள்மேல்தான் வரும்.

வெல்டிங் வைக்கும்போது பட்டறையில் அடிக்கடி விட்டுவிடுகிற மூன்று விஷயம். பேட்டரியின் இரண்டு கேபிளையும் கழற்ற வேண்டும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வின் சாக்கெட்டையும் பிடுங்கிவிட வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சேஸ் நீளச் சட்டத்தின் மேல் கீழ் விளிம்பில் ஓட்டை போடவோ வெல்ட் வைக்கவோ கூடாது. தொட்டி தாங்கிகளைச் சட்டத்தின் பக்கவாட்டில், ஏற்கெனவே இருக்கிற ஓட்டையில் போல்ட் போட்டு மாட்டுங்கள். பெரிய ஜன்னல் வேண்டும் என்று பாடித் தூணை அறுக்கச் சொல்லாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவது அந்தத் தூண்தான். படுக்கை அறையிலிருந்து உள்ளேயிருந்தே திறக்கிற அவசர வழி ஒன்று கட்டாயம் வேண்டும், கட்டிலுக்குக் குறுக்கே அலமாரி எதுவும் அதை மறைக்கக் கூடாது.

கரண்ட்டில் கணக்கை ஏ.சி.யிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. முதல் ஒரு மணி நேரம் ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். அறை குளிர்ந்தபின் மணிக்கு அரை முதல் முக்கால் யூனிட். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஆறு ஏழு யூனிட். 51 வோல்ட் 200 ஆம்பியர் லித்தியம் பெரஸ் பாஸ்பேட் பேட்டரி பத்து யூனிட் தரும், ஒரு ராத்திரிக்குப் போதும். இது கூரையும் பக்கமும் நன்றாக அடைத்த வண்டியின் கணக்கு. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில் வெறும் தகரக் கூரை வண்டிக்கு இரண்டு ஏ.சி. போட்டாலும் காணாது. கூரையில் 50 மில்லி, பக்கத்தில் 40 மில்லி பி.யூ. ஃபோம் அடித்து, இரும்புக் குழாய்களின் உள்முகத்திலும் மெல்லிய ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சூடு அந்தக் குழாய் வழியாகவே உள்ளே வரும். 540 வாட் சோலார் பேனல் நான்கு போட்டால் வெயில் நாளில் எட்டு யூனிட் அருகே எதிர்பார்க்கலாம். ஆடி மாதம் பொள்ளாச்சி மேகத்தில் அதில் பாதிகூட வராது. ஒவ்வொரு பேனலும் முப்பது கிலோ அருகே, அதுவும் வண்டியின் உச்சியில் ஏறுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

வண்டி 24 வோல்ட், வீட்டுப் பக்கம் 48 வோல்ட் (மேலே சொன்ன 51 வோல்ட் பேட்டரி இந்த வகைதான்) என்று தனித்தனியாக வையுங்கள். 24-லேயே 4 கிலோவாட் இழுத்தால் இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்து 180 ஆம்பியருக்கு மேல் ஓடும், கேபிள் சுடும். 48-ல் அதில் பாதி. அதற்கும் 50 சதுர மில்லி கேபிளும், பேட்டரி முனையிலிருந்து ஒரு அடிக்குள் ஒரு ஃபியூஸும் தேவை. 230 வோல்ட் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (ஷாக் அடித்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) போடுகிறார்கள், ஆனால் இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் இணைந்திருக்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள். இணைப்பு இல்லை என்றால் ஷாக் அடித்தாலும் ஆர்.சி.சி.பி. விழாது. வெளிக் கரண்ட்டில் மாட்டும்போது அந்த இணைப்பு தானாகப் பிரிய வேண்டும். அப்படி மாறுகிற இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் நிறுத்தும்போது மோட்டார் ரூமில் ஒயரைச் சொருகிவிடாதீர்கள். விவசாய இலவச மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது குற்றம். வீட்டு இணைப்பில் 16 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்று கிலோவாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்க வேண்டாம். வோல்ட்டேஜ் 190-க்குக் கீழே போனால் சார்ஜர் தானாக விலகும்படி வையுங்கள்.

தண்ணீருக்கு 300 லிட்டர் நல்ல தண்ணீர், 200 லிட்டர் அழுக்குத் தண்ணீர், 100 லிட்டர் கழிப்பறைத் தொட்டி நான்கு பேருக்கு மூன்று நாள் தாராளம். தொட்டிக்குள் குறுக்குத் தடுப்பு இல்லாவிட்டால் பாதி நிறைந்த தண்ணீர் பிரேக் அடித்தபின்னும் வண்டியைத் தள்ளும். பைப் சி.பி.வி.சி. வேண்டாம், அதிர்வில் முழங்கை ஜாயிண்ட் விரிசல் விடும். வளையக்கூடிய பெக்ஸ் போடுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், கீசர் கம்பி சீக்கிரம் போய்விடும். கழிப்பறைத் தொட்டியை வீட்டு செப்டிக் டேங்கில் மட்டும் இறக்குங்கள். வாய்க்காலிலும் ஓடையிலும் இறக்குவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

இனி ஓட்டுவது. வேனில் முன் சக்கரம் உங்கள் காலுக்குப் பக்கத்தில். பஸ்ஸில் அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால். அதனால் திருப்பத்தில் மூலை கண்ணெதிரே வந்ததும் ஒடிக்கக் கை துடிக்கும்; ஒடித்தால் பின் சக்கரம் மூலைக் கல்லில் ஏறும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் மூலையைத் தாண்டியபின்தான் ஒடிக்க வேண்டும். இன்னொன்று, முழு ஒடிப்பில் பின்மூலை எதிர்ப்பக்கம் ஏறக்குறைய இரண்டடி வீசும். இடதுபக்கம் திரும்பினால் வலப்பக்கம் நிற்கிற பைக்கைத் தட்டுவது இதனால்தான். பங்கில் டீசல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது அதிகம் நடப்பது இதுவே. முதல் ஐந்து மீட்டர் நேராக வந்துவிட்டுத் திருப்புங்கள். காலியான மைதானத்தில் பின்மூலைக்கு நேராகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, முழுக்க ஒடித்து, எவ்வளவு தாண்டுகிறது என்று ஒருவரை நிறுத்தி அளந்து பார்த்துவிட்டால் அந்த அளவு மனதில் பதிந்துவிடும்.

ஏர் பிரேக் கால் பழக வேண்டிய விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் காற்று எட்டு பார் அருகே ஏறும்வரை நகர்த்தக் கூடாது. மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் காற்று குறையும். இறக்கத்தில் முதல் வேலை கியர். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில், வேண்டுமானால் ஒன்று குறைத்து, இறங்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) எஞ்சின் சுற்று அதிகம் இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். வேகம் ஏறினால் ஒரே அழுத்தாகப் பத்து கிலோமீட்டர் குறைத்துக் காலை எடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக் லைனர் சூடாகிப் பிடி விட்டுப்போகும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடிக்காது, பாரம் முழுக்க லைனரில்தான்.

சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் 12 மீட்டர் வண்டி ஏறும், ஆனால் பொறுமை வேண்டும். ஏறும்போது இடப்பக்க வளைவுதான் கஷ்டம். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்து, தேவைப்பட்டால் முதல் கியருக்கே போய், ஹாரன் அடித்து, எதிரே வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு வலது ஓரத்துக்குப் போக வேண்டும். உள்மூலை உங்கள் தோளுக்கு நேரே வந்ததும் முழுக்க ஒடித்து, இடது கண்ணாடியில் பின் டயரைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் கிளட்சைத் தேய்க்காமல் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, கூட வருகிறவரை இறக்கிவிட்டுப் பிறகு எடுங்கள். கிளட்ச் நாற்றம் வந்தால் அடுத்த அகலமான இடத்தில் பத்து நிமிடம் நிறுத்துவதே நல்லது. ராத்திரியில் அந்தப் பாதையில் போக்குவரத்துத் தடை இருப்பதால் பண்ணாரிச் சோதனைச் சாவடி நேரத்தைக் கணக்கில் வையுங்கள். ஊட்டிக்கும் வால்பாறைக்கும் நீள வண்டியை ஏற்றாதீர்கள். அரசு மலைப் பேருந்துகளே அங்கே குட்டையான சேஸ்தான். மேட்டுப்பாளையத்திலோ ஆழியாறிலோ வண்டியை நிறுத்திவிட்டுக் காரில் போங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் எடுப்பது தனி.

காற்று விஷயத்தில் பாலக்காட்டுக் கணவாயை மறக்கக் கூடாது. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, கிழக்கு மேற்காகப் போகிற சாலையில் முன்னாலோ பின்னாலோதான் தள்ளும். கோவை-பொள்ளாச்சி மாதிரி வடக்கு தெற்காகப் போகிற சாலையில் அது பக்கவாட்டில் விழும். மரவரிசையோ கட்டடமோ முடிந்து வெட்டவெளி வருகிற இடத்திலும், எதிரே வந்த லாரி தாண்டிப்போன நொடியிலும் வண்டி ஒரு அடி நகரும். அதைப் பதறித் திருப்பாமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருத்துங்கள். 60-க்குக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அதற்குப் பிறகும் ஆடினால் எடைச் சீட்டை எடுத்து முன் ஆக்சில் எண்ணைப் பாருங்கள்.

உயரத்தை மொத்தமாக, சோலார் பேனலும் ஏ.சி.யும் சேர்த்து அளந்து, டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். ரயில் பாதைக்குக் கீழே போகும் பாலங்களின் முன் அந்த எண்ணைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நுழையாதீர்கள். கிராமத்துச் சாலையில் புளியமரக் கிளையும் தாழ்ந்த கேபிள் ஒயரும் பேனல் கண்ணாடியை உடைக்கும். பேனல் வரிசைக்கு முன்னால் வளைந்த குழாய் ஒன்று தடுப்பாக வைத்தால் கிளை சரிந்து மேலே போய்விடும். மழை பெய்த தோட்டத்து மண்ணில் இறங்கவே கூடாது. பின் ஆக்சிலில் ஏழெட்டு டன் இருக்கிறது, புதைந்தால் டிராக்டர் ஒன்று போதாது.

நிறுத்திவைக்கும்போது நடக்கிற சேதம் ஓட்டும்போது நடப்பதைவிட அதிகம். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அரைமணி நேரம் அப்படியே ஓடவிடுவது பி.எஸ். 6 எஞ்சினுக்குக் கெடுதல். புகைச் சூடு போதாமல் டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெளியே எடுத்து முப்பது நாற்பது கிலோமீட்டர் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் இதே காரணத்துக்காக வேண்டாம். ஏர் டேங்கின் வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்; எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸரையும் ஏர் டிரையரையும் பார்க்க வேண்டும். டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் வெட்டு) இருந்தாலும் வயது முடிந்துவிடும். பக்கத்தில் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு ஏழு வருடம் ஆனதை முன் சக்கரத்தில் வைக்காதீர்கள். சோளக்காட்டை ஒட்டி நிறுத்தினால் எலி வரும், முதலில் ஒயரைத்தான் கடிக்கும். பாடிக்கு அடியில் ஒயர் போகிற ஒவ்வொரு ஓட்டையையும் இரும்புச் சல்லடை வைத்து அடையுங்கள். நுரையை மட்டும் அடைத்தால் எலி அதைக் கடித்துவிட்டு உள்ளே போகும்.